ஆண்டு மலரில் முப்பத்தொன்பதாவது பெயர்

ஆசிரியர்கள் ஓய்வு பெற்றால் பழைய மாணவர்கள் தேடி வருவார்கள். பள்ளிக்கூட கிளார்க்கை யாரும் தேடி வருவதில்லை, சர்டிபிகேட்டில் பிறந்த தேதி தப்பாக இருந்தால் ஒழிய. அதனால் போன மாதம் என் பழைய பள்ளியில் இப்போது வேலை பார்க்கும் இளைய கிளார்க்குகள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தபோது, எந்தத் தேதியில் என்ன தப்போ என்றுதான் முதலில் பயந்தேன்.

அவர்கள் சும்மா பார்க்க வந்திருந்தார்கள். ரிஜிஸ்டர்கள் எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டதாகச் சொன்னார்கள். "சார் காலத்துல பிள்ளைகளுக்க பேர எப்படி வெட்டுவீங்க?" என்று அதில் ஒரு பெண் கேட்டாள். நான் முறையைச் சொன்னேன். சொல்லிக்கொண்டு வரும்போதே வேறொன்றும் நினைவுக்கு வந்து, அதையும் சொன்னேன். எழுதித் தாருங்கள் என்றார்கள். எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் அப்பா தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. அப்பாவின் அப்பா திருவிதாங்கூர் காலத்தில் கச்சேரியில் கணக்கெழுதியவர். பேனா பிடித்த குடும்பம் என்கிற மிதப்பு எங்களுக்கு உண்டு. இருபத்துநாலு வயதில் எனக்கு வேலை கிடைத்தது. முதல் ஏழு வருடம் இரண்டு பள்ளிகளில் போயிற்று. அங்கே ஒரு ஹெட்கிளார்க் எனக்குக் கற்றுத் தந்தது ஒன்றே ஒன்றுதான்: ரிஜிஸ்டரில் ரப்பர் தொடக்கூடாது. தப்பாக எழுதினால் தப்பும் இருக்கட்டும், அதன் மேலே சரியும் இருக்கட்டும், பக்கத்தில் உன் கையெழுத்தும் இருக்கட்டும்.

அதன் பிறகு எல்லைக்கு மலையாளப் பக்கமாக, பாறசாலைக்கு அருகே ஓர் அரசுப் பள்ளிக்கு மாற்றமாகி வந்தேன். மலையாளம் மீடியமும் தமிழ் மீடியமும் ஒரே கூரைக்குக் கீழே. தமிழ் வகுப்புகளுக்குப் பொழியூர்க் கடற்கரையிலிருந்தும் களியக்காவிளைப் பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் வருவார்கள்.

பெயர் வெட்டுவது இப்படி. ஒரு பிள்ளை சொல்லாமல் பதினைந்து நாள் தொடர்ந்து வராவிட்டால் கிளாஸ் டீச்சர் எழுதித் தருவார். நான் வீட்டு விலாசத்துக்கு ஒரு தபால் கார்டு போடுவேன். பதில் இல்லையென்றால் இரண்டாவது கார்டு. அதற்கும் பதில் இல்லையென்றால் எச்.எம். உத்தரவு போடுவார். உடனே சிவப்பு மையும் அடிக்குச்சியும் எடுத்து, பெயரின் நடுவில் ஒரு கோடு. பெயர் வெட்டுப்பட வேண்டும், ஆனால் படிக்கும்படியும் இருக்க வேண்டும். என் கோடு எப்போதும் நேராக இருக்கும். அதைப் பற்றிப் பெருமைப்பட்டுக்கொண்டதும் உண்டு.

தொண்ணூறுகளின் நடுவில் எங்களுக்கு எச்.எம். ஆக வந்தவர் சரசம்மா டீச்சர். மலையாளம்தான் தாய்மொழி. ஆனால் எங்களோடு எங்கள் தமிழிலேயே பேசுவார், இடையிடையே மலையாளம் வந்து விழும். எந்தக் கடிதத்தைக் கொண்டு வைத்தாலும் முதலில் உரக்க வாசிப்பார். வாசிக்கும்போது வாக்கியம் முடிவதற்குள் மூச்சு முட்டினால் கடிதம் திரும்பி வந்துவிடும். "இதுல மூச்சு விட இடமில்ல. பிரிச்சு எழுதிக் கொண்டு வாரும்" என்பார். கோபமே இருக்காது. நான் எழுதின நீண்ட வாக்கியங்களையெல்லாம் அவர்தான் குட்டையாக்கினார்.

அந்த வருடம் நவம்பர் தொடக்கத்தில் ஸ்டாஃப் மீட்டிங்கில் அவர் ஒன்று சொன்னார். ஆண்டு மலர் அதுவரை ஆசிரியர்கள் போடுவதுதான். பிள்ளைகளின் பெயரில் கவிதை வரும், கவிதையில் வாத்தியாரின் கை தெரியும். தமிழுக்குக் கடைசியில் நாலு பக்கம். "இந்தக் கொல்லம் பத்தாம் கிளாஸ்காரர் செய்யட்டும். எழுதறதும் தேர்ந்தெடுக்கறதும் பிரஸ்ஸுக்குப் போறதும் அவங்களே. டீச்சர்மாருக்க பேனா அதுல படக்கூடாது" என்றார் டீச்சர். வருடத்தை மலையாளத்தில் கொல்லம் என்பார்கள். நாலைந்து முகங்கள் சுண்டிப்போயின. அவர் என் பக்கம் திரும்பினார். "ஒண்ணு மட்டும். பிள்ளைகளுக்க பேரு தப்பா வரக்கூடாது. ரிஜிஸ்டர்ல உள்ளபடியே வரணும். அது உம்ம பொறுப்பு."

மலருக்கு இரண்டு தலைவர்களைப் பிள்ளைகளே தேர்ந்தெடுத்தார்கள். தமிழுக்கு ஜெயந்தி. அவள் அப்பா தினம் பாலராமபுரம் போய்த் தறி நெய்கிறவர். மலையாளத்துக்கு சஜி. அவன் மாமன் வளைகுடாவிலிருந்து கொண்டு வந்த கேமரா அவனிடம் இருந்தது. பத்தாம் வகுப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டம் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். கட்டத்தில் ஒரு படம், அதன் கீழே பெயர், ஊர், அவரவர் எழுதிய ஒரு வரி. படிப்பில் முதலில் நிற்பவர்களுக்கும் கடைசியில் நிற்பவர்களுக்கும் ஒரே அளவுக் கட்டம். அடிக்குச்சி வைத்து அவர்களே கட்டம் போட்டதைப் பார்த்து எனக்கு அவர்கள் மேல் ஒரு மதிப்பு வந்தது.

ஒரு நாள் மத்தியான இடைவேளையில் இருவரும் தமிழ் வகுப்பின் பட்டியலோடு ஆபீஸுக்கு வந்தார்கள். நான் ரிஜிஸ்டரை விரித்து ஒவ்வொரு பெயராக வாசிக்க, ஜெயந்தி டிக் போட்டுக்கொண்டே வந்தாள். முப்பத்தெட்டில் நான் நிறுத்தினேன்.

"ஒண்ணு விட்டுப்போச்சு சார்," என்றாள்.

"விட்டுப்போகாது. ரிஜிஸ்டர பாத்துத்தானே வாசிக்கேன்."

"சகாய ராணி. பொழியூர். எனக்க பக்கத்துல இருந்தவ ஆக்கும்."

நான் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். சிவப்புக் கோடு. "அது ஆகஸ்டுலயே வெட்டியாச்சு."

"ஆரு வெட்டினது?"

"சட்டம் வெட்டினது," என்றேன்.

ஜெயந்தி டிக் போடும் பென்சிலைக் கீழே வைத்தாள். "அவளுக்க வீட்ட கடல் கொண்டு போச்சு சார். ஆடி மாசம். அதான் வரல. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவன் நான்தான். அவர்கள் போனதும் ஃபைலை எடுத்தேன். நான் போட்ட இரண்டு கார்டுகளும் திரும்பி வந்து அங்கேயே இருந்தன, ஓட்டை போட்டு, நூல் கோத்து, வரிசை மாறாமல். இரண்டின் மேலும் தபால்காரர் பென்சிலால் மலையாளத்தில் எழுதியிருந்தார்: வீடில்லா. அப்படி ஒரு வீடு கிடையாது, விலாசம் தப்பு என்று அப்போது நான் படித்தேன். அவர் எழுதியது வீடு போய்விட்டது என்று. கடல் இழுத்துக்கொண்டு போன ஒரு வீட்டுக்கு நான் இரண்டு நோட்டீஸ் அனுப்பி, பதில் வரவில்லையென்று பெயரை வெட்டியிருக்கிறேன்.

மறுநாள் ஜெயந்தியும் சஜியும் எச்.எம்.மிடம் ஒரு விண்ணப்பம் கொடுத்தார்கள். சனிக்கிழமை பொழியூர் போய் சகாய ராணியின் படம் எடுத்து வர அனுமதி வேண்டும். டீச்சர் உரக்க வாசித்தார். "பேரு ரிஜிஸ்டர்ல இல்லாத குட்டிக்கு மலர்ல எப்படி இடம்?" என்று கேட்டார்.

"அவ எங்க கிளாஸாக்கும், டீச்சரே. நீங்கதானே எங்ககிட்ட செய்யச் சொன்னது?" என்றாள் ஜெயந்தி.

டீச்சர் சிரித்தார். "செரி. கூட ஒரு பெரியவங்க போகணும்," என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். கார்டு விஷயத்தை நான் இன்னும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. போகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

பஸ் இறங்கி மணலில் கொஞ்ச தூரம் நடந்தோம். கரையோர ரோடு ஓரிடத்தில் பாதியோடு நின்றது. அதற்கப்பால் ஒரு வீட்டின் பின்சுவர் மட்டும் நின்றுகொண்டிருந்தது, நீலப் பெயிண்ட் அடித்த ஜன்னலோடு. "இது அவங்களுக்க வீடு இல்ல சார். அவங்களுக்கது இதுக்கும் முன்னால இருந்தது," என்றாள் ஜெயந்தி. முன்னால் தண்ணீர்தான் இருந்தது.

அவர்கள் மாதா கோயிலுக்குத் தெற்கே பெரியம்மா வீட்டில் இருந்தார்கள். சகாய ராணியின் அப்பா அந்தோணி வெளியே உட்கார்ந்து வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். அம்மா மீன் விற்கப் போயிருந்தார். சகாய ராணி இடுப்பில் ஒரு வயதுத் தம்பியோடு வாசலுக்கு வந்தாள். என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள்.

"ஏட்டி, நான் ஆக்கும். சார் ஒண்ணும் செய்ய மாட்டாரு. வெளிய வா," என்று கூப்பிட்டாள் ஜெயந்தி.

"பள்ளிக்கூடத்துல இல்லாதவளுக்கு எதுக்குப் படம்?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அந்தோணி வலையைக் கீழே வைத்தார். "பிள்ளைக்க பேர வெட்டிட்டாங்கன்னு இந்தக் குட்டி முந்தாநாள் வந்து சொன்னப்பதான் நாங்க அறிஞ்சோம் சாரே. அவளுக்க அம்மைக்குச் சொகமில்லாம கிடந்தது. கொச்சுத் தம்பியையும் வச்சிட்டு இவதான் வீட்டப் பாத்தா. கொஞ்ச நாள் கழிஞ்சு விடலாம்னு நெனச்சோம். ஆரு சாரே வெட்டினது?"

"நான்தான்," என்றேன். இந்தத் தடவை சட்டத்தைச் சொல்ல வாய் வரவில்லை. கார்டு போட்டதையும் அது திரும்பி வந்ததையும் அதில் எழுதியிருந்ததையும் நான் அதைத் தப்பாகப் படித்ததையும் சொன்னேன்.

அவர் சத்தம் போடுவார் என்று நினைத்தேன். வலையை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "கடலு கொண்டு போனத திருப்பித் தராது சாரே. நீங்க கொண்டு போனத நீங்க தரலாமே," என்றார்.

"பாக்கேன்," என்றேன். அதற்கு மேல் சொல்லத் தைரியம் இல்லை.

அதற்குள் உள்ளே ஜெயந்தி எப்படியோ பேசிச் சகாய ராணியை வெளியே அழைத்து வந்துவிட்டாள். தம்பியைக் கீழே விட்டால் அலறினான். சஜியின் ஃபிலிமில் மூன்று படம்தான் மிச்சம். "கட்டத்துக்கு ஒரு ஆளுதான்," என்று அவன் கண்டிப்பாகச் சொல்ல, "எலே, எடு. அவன் முப்பத்தொம்பதர," என்றாள் ஜெயந்தி. எல்லோரும் சிரித்தோம், சகாய ராணியும். அந்தச் சிரிப்பில் படம் விழுந்தது. அச்சில் வந்தபோது அவள் தோளைப் பிடித்திருந்த ஒரு குட்டிக் கை மட்டும் ஓரத்தில் தெரிந்தது.

"ஒரு வரி எழுதித் தா மக்கா. என்ன ஆகணும்னு," என்று ஜெயந்தி காகிதம் நீட்டினாள்.

"மத்தவங்க என்ன எழுதினாங்க?"

"டாக்டர், போலீஸ், வளைகுடா. சஜி பைலட்டாம்."

அவள் யோசித்து எழுதிக் கொடுத்தாள். ஜெயந்தி வாசித்துவிட்டு, "இது விலாசம்லா?" என்றாள். மாதா கோயிலுக்குத் தெக்கே மூணாவது வீடு, பொழியூர் என்று எழுதியிருந்தது.

"இருக்கட்டும். லட்டர் வரணும்லா," என்றாள் சகாய ராணி. என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

திங்கட்கிழமை சட்டப் புத்தகத்தைப் புரட்டினேன். இரண்டு வழி இருந்தது. ஒன்று, மறுபடி சேர்ப்பது. அது எளிது. ஆனால் புது நம்பர் வரும், வருகை நாட்கள் பூஜ்யத்திலிருந்து தொடங்கும், அந்த வருடப் பரீட்சைப் பட்டியலில் அவள் இருக்க மாட்டாள். ஒரு வருடம் வீட்டில் இருந்தால் அப்புறம் வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். இரண்டாவது வழி, வெட்டியதே தப்பு என்று சொல்லி நீக்கத்தை ரத்துச் செய்து, வராத நாட்களை மன்னிக்கும்படி மேலாபீஸுக்கு எழுதுவது. பட்டியல் அனுப்ப இரண்டு வாரம் இருந்தது.

இரண்டாவது வழிக்கு விண்ணப்பம் எழுதி டீச்சர் முன்னால் வைத்தேன். உரக்க வாசித்தார். மூச்சு முட்டவில்லை. ஆனால், "தெளிவு எங்கே?" என்றார். ஆதாரத்தை மலையாளத்தில் அப்படித்தான் சொல்வார்கள். "வெட்டுறதுக்கு முன்னேயே வீடு போயிட்டுதுன்னும், நோட்டீஸ் அவங்களுக்குக் கிட்டலன்னும் காட்டணும். அதுக்கு என்ன இருக்கு?"

அதற்கு இருந்தது அந்த இரண்டு கார்டுகள்தான், தபால் முத்திரைத் தேதியோடு. "தேடிப் பாக்கேன் டீச்சர்," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறைக்காமல் எழுதுகிறேன். அடுத்த வருடம் எனக்குப் பிரமோஷன் வரவேண்டியிருந்தது. கார்டுகளை வைத்தால் என் கவனக்குறைவை நானே எழுதிக் கொடுத்தது போல. வைக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. அந்தோணி கேட்டால், முயற்சி செய்தேன், மேலே ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிடலாம். ஒரு நாள் முழுதும் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கொண்டு வந்த சோறு பாத்திரத்தோடு திரும்பிப் போயிற்று.

மறுநாள் ஜெயந்தி தமிழ்ப் பக்கங்களின் புரூஃபோடு வந்தாள். எங்கள் மலர் இரண்டு மாநிலத்தில் அச்சானது. மலையாளப் பக்கங்கள் நெய்யாற்றின்கரையில். அங்கே தமிழ் எழுத்து இல்லாததால் தமிழ்ப் பக்கங்கள் எல்லை தாண்டி மார்த்தாண்டத்தில். "பேரெல்லாம் பாத்து கையெழுத்துப் போடுங்க சார்," என்றாள். முப்பத்தொன்பது பெயர்களையும் ஒன்றொன்றாகப் பார்த்தேன். கடைசிக் கட்டத்தில் படம் இன்னும் ஒட்டவில்லை. கீழே சகாய ராணி, பொழியூர் என்றிருந்தது.

"இதுல ராணிக்குச் சின்ன ர தானே சார்?"

"ஆமா, சின்ன ர தான்," என்று சொல்லிக்கொண்டே தாளின் ஓரத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். போட்ட பிறகுதான் கை நின்றது. ரிஜிஸ்டரில் உள்ளபடி சரிபார்த்தேன் என்பதுதான் அந்தக் கையெழுத்துக்கு அர்த்தம். பத்து வருடமாக நான் பொய்யாக ஒரு கையெழுத்தும் போட்டதில்லை. இதை மெய்யாக்க வேண்டுமென்றால் வழி ஒன்றுதான் இருந்தது. ஃபைலின் நூலை அவிழ்த்து இரண்டு கார்டுகளையும் எடுத்துக்கொண்டு டீச்சர் அறைக்குப் போனேன்.

அவர் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது முன்னேயே உம்ம கையில இருந்ததா?"

"இருந்தது டீச்சர்."

"இத வச்சா உமக்கு மெமோ வரும்."

"வரும்."

என் விண்ணப்பத்தை எடுத்துப் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். பிறகு, "உத்தரவு போட்டது நானாக்கும். எனக்கும் வரும்," என்று சொல்லிப் பேனாவை மூடினார். "அந்தக் குட்டிய நாளைக்கே கிளாஸுக்கு வரச் சொல்லும். ரிஜிஸ்டர்ல பேரு வர்றதுக்குத்தான் உத்தரவு வேணும். பெஞ்சில இருக்க உத்தரவு வேண்டா."

சகாய ராணி வந்தாள். தம்பியைப் பெரியம்மா பார்த்துக்கொண்டார். விட்டுப்போன பாடங்களின் நோட்டுகளை மலர்க் கமிட்டிப் பிள்ளைகள் பங்கு போட்டு எழுதிக் கொடுத்தார்கள். மார்த்தாண்டம் பிரஸ்காரர் இரண்டு முறை போன் செய்து, தாள் மிஷினில் காத்திருக்கிறது என்றார். "ஆர்டர் வராம அடிக்க வேண்டா," என்று சஜி அவரிடமே சொல்லிவிட்டான். அந்தக் கட்டம் காலியாகப் போவதையோ இல்லாமல் போவதையோ அந்தப் பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவில்லை.

ஒன்பதாம் நாள் மேலாபீஸிலிருந்து என்னை நேரில் வரச் சொன்னார்கள். அதிகாரி வயதானவர். கார்டுகளை மேஜையில் வைத்திருந்தார். "ஒமக்கு எதிரா நீரே தெளிவு கொண்டு வச்சிருக்கீரே?" என்றார்.

"வேற தெளிவு இல்ல சார்."

"குட்டி இப்ப வருதா?"

"தினமும் வருது சார். பஸ் இல்லன்னா நடந்து வருது."

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. பட்டியல் அனுப்ப இரண்டு நாள் இருக்கும்போது ஒரே தபாலில் இரண்டு கவர் வந்தன. ஒன்று உத்தரவு. மற்றது எனக்கு மெமோ. முதலாவதை மட்டும் பிரித்து, அப்படியே பத்தாம் வகுப்புக்கு நடந்து போனேன். ஆபீஸ் வேலையில் அப்படி நான் நடந்துபோய் ஒரு தாளைக் காட்டியது அந்த ஒரு முறைதான். சஜி அதைப் பார்த்துவிட்டு மார்த்தாண்டத்துக்குப் போன் செய்யப் பூத்துக்கு ஓடினான். ஜெயந்தி வாய்விட்டு அழுதாள். சகாய ராணிதான் அவளைத் தேற்றினாள்.

ரிஜிஸ்டரில் சிவப்புக் கோட்டை நான் அழிக்கவில்லை. அதன் மேலே கருப்பு மையில் 'நீக்கம் ரத்து' என்று எழுதி, உத்தரவு எண் போட்டு, பக்கத்தில் என் கையெழுத்து. பிரமோஷன் ஒரு வருடம் தள்ளிப்போயிற்று. வீட்டில் கொஞ்சம் பேச்சு கேட்டேன். அவ்வளவுதான்.

மலர் ஆண்டு விழாவில் வெளியானது. இரண்டு பிரஸ் என்பதால் தமிழ்த் தாள் கொஞ்சம் மஞ்சளாகவும் மலையாளத் தாள் வெள்ளையாகவும் இருந்தன. எழுத்துப்பிழைகளும் உண்டு. பெயர்களில் மட்டும் ஒரு பிழையும் இல்லை. சகாய ராணி அந்த வருடம் பரீட்சை எழுதினாள். கணக்கில் மட்டும் தோற்று, பிறகு எழுதி ஜெயித்தாள். இப்போது பொழியூர்ப் பக்கம் ஒரு அங்கன்வாடியில் டீச்சராக இருக்கிறாள் என்று கேள்வி.

அடுத்த வருடம் ஜூலை. மழை பிடித்திருந்தது, கடலும் கோபத்தில் இருந்தது. எனக்கு அதிகம் பழக்கமில்லாத இரண்டு பிள்ளைகள், புதிய பத்தாம் வகுப்புக்காரர்கள், எச்.எம். அறை வாசலில் வந்து நின்றார்கள். ஒருத்தி கையில் நோட்டிலிருந்து கிழித்த தாள். டீச்சர் வாங்கி உரக்க வாசித்தார். வகுப்புக்கு வராத மூன்று பேரின் பெயர். ஒவ்வொரு பெயருக்கும் நேரே, இப்போது எங்கே இருக்கிறார்கள், ஏன் வரவில்லை, எப்போது வருவார்கள் என்று எழுதியிருந்தது. ஒரு பையனுக்கு மஞ்சள் காமாலை. மற்ற இரண்டு பேர் வீட்டைக் கடல் கொண்டுபோனதால் உறவினர் வீட்டில் இருந்தார்கள்.

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போய்ப் பாத்துட்டு வந்தோம் டீச்சர். கிளார்க் சார் அவங்களுக்க பேர வெட்டக்கூடாது."

"ஆரு போகச் சொன்னது?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஆரும் சொல்லல டீச்சரே," என்றாள் தாள் கொண்டு வந்தவள். "இந்தக் கொல்லம் மாகஸின் செய்யறது நாங்களாக்கும். அதுல எல்லாரும் வரணும்லா?"